யானை வேலியும் வானத்துப் பொரியும்

இராசமலருக்கும் இடிக்கும் பகை தொடங்கியபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது.

கிளிவெட்டியில் அவளுடைய அப்பர், ரேடியோ தெளிவாகக் கேட்க வேண்டும் என்று தென்னை உச்சியிலிருந்து ஒரு செப்புக் கம்பியை இறக்கி வீட்டுக்குள் கட்டியிருந்தார். ஒரு பின்னேரம் மேற்கே வானம் உறுமியது. கம்பியைக் கழற்றி வெளியே எறிந்துவிட்டால் பயமில்லை என்று அவர் எழுந்துபோய் அதைக் கையில் பிடித்தார். பிடித்ததுதான் தெரியும். கிடுகு வேலியைக் கிழித்துக்கொண்டு முற்றத்தில் போய் விழுந்தார். தென்னை, நட்டுவைத்த பந்தம் போல நின்று எரிந்தது. குசினியில் கவிழ்த்து வைத்திருந்த ஏழு சட்டியும் நடுவால் பிளந்தன. ரேடியோ மட்டும் விட்ட பாட்டை முழுசாகப் பாடி முடித்துவிட்டுத்தான் புகைந்தது என்று ஊரில் சொல்வார்கள். பாட்டை நம்ப வேண்டாம். சட்டியில்கூட ஒன்றிரண்டைக் குறைத்துக்கொள்ளலாம். அப்பர் எழும்பவில்லை என்பதில் மட்டும் ஒரு சொல் கூட்டிக் குறைக்க இடமில்லை.

வேறு பிள்ளையாக இருந்தால் கம்பி என்ற சொல்லைக் கேட்டாலே அறைக்குள் ஓடும். இவள் முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்த கையோடு, கருகின ரேடியோவைக் கத்தி நுனியால் கிளப்பித் திறந்தாள். அந்த இடி எந்த வழியால் உள்ளே வந்தான் என்று பார்க்க வேண்டுமாம். அப்படிப் படித்ததுதான் தொழில். இடம்பெயர்ந்து கிடந்த காலத்தில், முகாமில், அடுப்புத் தணலில் ஆணியைக் காய்ச்சி ஈயம் ஒட்டினாள். திரும்பி வந்து கிளிவெட்டிச் சந்தியில் ஒரு ரேடியோ திருத்தகம் போட்டாள். “பொம்பிளைக்கு ரேடியோவைப் பற்றி என்ன தெரியும்” என்று கேட்ட ஒருவனுக்கு, காய்ச்சின ஈயக்கோலால் முழங்கையில் பதில் எழுதினாள். அந்த எழுத்து இன்னும் அழியவில்லை. மழைக்காலத்தில் கடிக்குமாம்.

இப்படிப்பட்டவளைக் கட்டினவன் தவராசா. யானை வேலிக் காவல்காரன். காட்டோரமாக நாலு கட்டை, நாலு மைல், நீளத்துக்கு ஓடுகிற அந்த மின்வேலிதான் வயலுக்கும் யானைக்கும் நடுவில் இருக்கிற ஒரே நியாயம். வேலி நுனியில் காவல் கொட்டிலுக்குள் இருக்கிற மின்பெட்டி, நொடிக்கு ஒரு தடவை கம்பியில் ஓர் அடி அடிக்கும். ஆளைக் கொல்லாது. ஆனால் அடி வாங்கினவன் தன் பாட்டன் பேரையும் மறப்பான்.

மூன்று வருஷத்துக்கு முன்பு பல்கலைக்கழகத்துக்காரர் சிலர் இராசமலரைத் தேடி வந்தார்கள். கொட்டியாரக் குடாவைச் சுற்றி ஆறு இடத்தில் கம்பம் நட்டு, மின்னலின் ரேடியோ அலையைப் பிடிக்கப் போகிறார்கள். கப்பல்துறையில் ஒன்று, கட்டைபறிச்சானில் ஒன்று, கிண்ணியாவில் ஒரு மாடி வீட்டுக் கூரையில் ஒன்று, பட்டினப் பக்கம் இரண்டு, ஆறாவது கிளிவெட்டியில். கம்பங்களைப் பார்த்துக்கொள்ள, பழுது வந்தால் திருத்த, மோட்டர் சைக்கிள் ஓடத் தெரிந்த ஓராள் வேண்டும்.

“மின்னலைப் பிடிச்சு என்ன செய்யப் போறியள்?” என்று கேட்டாள் இராசமலர்.

வந்தவர்களில் இளையவள் கௌசிகா, ஆராய்ச்சி மாணவி. அவள்தான் விளக்கினாள். மின்னல் வெட்டினால் ஒளியும் இடியும் மட்டுமில்லை, ரேடியோ அலையும் வரும். மேகத்தின் உச்சியில், பத்து மைல் உயரத்தில், கண்ணுக்கும் காதுக்கும் எட்டாமல் சின்னச் சின்னதாக வெடிக்கிறவையும் அந்த அலையில் அகப்படும். ஒரு வெடியின் அலை ஆறு கம்பத்துக்கும் ஒரே நேரத்தில் போய்ச் சேராது. எது முந்தினது, எது பிந்தினது என்று கணக்குப் பார்த்தால் எந்த உயரத்தில் வெடித்தது என்று சொல்லிவிடலாம்.

“அப்ப அவன்ர வீட்டு விலாசம் கிடைக்கும்,” என்றாள் இராசமலர். அன்றே ஓம் என்றாள்.

கிளிவெட்டிக் கம்பம் அவளுடைய வீட்டு வளவில். கம்பத்தோடு வந்த பெட்டிக்குள் கணினி கோடு கோடாகப் போடும். கோட்டை அவள் நம்புவதில்லை. ஒரு பழைய ரேடியோவின் ஸ்பீக்கரைக் கழற்றிப் பெட்டியோடு ஒட்டிவிட்டாள். யாரும் கேட்காமல் செய்த வேலை. அதன் பிறகு சமைக்கும்போதும் துவைக்கும்போதும் வானம் அவள் காதில் விழுந்துகொண்டேயிருந்தது. மோட்டர் சைக்கிள் பிளக்கின் இரைச்சல் வேறு, வெல்டிங் கடையின் சீறல் வேறு என்று பிரித்துச் சொல்வாள். நல்ல மழை மேகம் காட்டை முட்டி எழும்பும்போது, அதன் தலை வானத்துக் கூரையையே உடைத்துக்கொண்டு மேலே போகும். அப்போது ஒரு சத்தம் வரும். சூடான மணலில் நெல்லைப் போட்டது போல, நிறுத்தாமல் படபடக்கும். அவள் அதற்குப் பொரி என்று பேர் வைத்தாள். ஆராய்ச்சிக்காரரும் வேறு பேர் தேடாமல் பொரி என்றே எழுதத் தொடங்கினார்கள்.

மூன்று மழைக்காலம் கேட்டதில் ஒன்று படித்தாள். மேலே பொரி பொரியும்போது கீழே அமைதியாக இருக்கும். சனம் மழை விட்டுவிட்டது என்று வெளியே வரும். பத்துப் பன்னிரண்டு நிமிஷத்தில் பொரி நிற்கும். மேகத்தின் தலை சரிந்து இறங்கும். பிறகு கீழே விழுகிற அடிக்குக் கணக்கில்லை. போன வருஷம் அப்படி இறங்கினதில் ஒரே வரம்பில் நின்ற ஒன்பது எருமை செத்தன. நின்றபடியே செத்தன. தள்ளினால்தான் விழுந்தன.

அவளுடைய காதுக்கு ஒரேயொரு பகை வேலி. டக், டக், டக் என்று இரவு பகலாக அதன் அடி ஸ்பீக்கரில் கேட்கும். மழை பெய்தால் கம்பியில் படர்ந்த கொடி நனைந்து முட்டி, டக்கோடு சரசரவென்று பொறியும் பறக்கும்.

“உங்கட வேலி என்ர காதில குத்துது,” என்பாள் சோறு போடும்போது.

“என்ர வேலி குத்தாட்டி யானை உன்ர வயித்தில குத்தும்,” என்பான் தவராசா.

“யானை பரவாயில்லை. அது சொல்லிப்போட்டு வரும்.”

இந்தச் சண்டையில் இரண்டு தடவை சோற்றுக் கோப்பை பறந்திருக்கிறது. இரண்டு தடவையும் தவராசாவுக்குக் குனியத் தெரிந்திருந்தது.

தவராசாவிடம் இரண்டு பழக்கம் இருந்தது. வேலியை நிற்பாட்டினால் போதும், அடுத்த நிமிஷமே கத்தியோடு இறங்கி, இடக்கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் கொடி வெட்டத் தொடங்குவான். கரண்ட் இல்லாத நேரம் கிடைப்பதே அருமையாம். இன்னொன்று, வேலிக்குப் போகும்போது போனைக் கொட்டிலில் ஆணியில் தொங்கவிட்டுத்தான் போவான். போன் மின்னலை இழுக்குமாம்.

“நாலு கட்டை நீளக் கம்பியைக் கையில பிடிச்சுக்கொண்டு நிப்பீங்களாம். அது இழுக்காதாம். உள்ளங்கையளவு போன் இழுக்குமாம்,” என்று இராசமலர் எத்தனை தரம் சிரித்திருப்பாள். சிரித்ததோடு விட்டாள். அவள் செய்த முதல் பிழை அதுதான்.

செப்டெம்பர் மாதம், சிறுபோக அறுவடை. மதியத்திலிருந்து கந்தளாய்க் காட்டுப் பக்கம் வானம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது. இரண்டரை மணிக்கு ஒரு தூறல் போட்டது. மூன்று மணிக்கு எல்லாம் அடங்கி, மேகத்துக்குக் கீழால் வெயில் சரிந்து வந்து நெல்லை மஞ்சளாக அடித்தது. மூதூர் றிஸ்கான் தன்னுடைய நெல் வெட்டும் மெசினைத் திரும்ப ஸ்டார்ட் பண்ணினான். அந்த நேரம்தான் கௌசிகாவின் போன்.

“அக்கா, கிளிவெட்டிப் பெட்டி விடாமல் கத்திக்கொண்டிருக்குது. மற்ற அஞ்சும் பேசாம இருக்குது. வேலியா இருக்குமோ?”

இராசமலர் ஸ்பீக்கரைக் கேட்டாள். டக், டக். டக்குக்குக் கீழே சரசரவென்று ஒரு கீறல். தூறலில் கொடி நனைந்திருக்கும்.

“வேலிதான் பிள்ளை. கொடி முட்டுது. நிப்பாட்டச் சொல்லுறன், கொஞ்சம் பொறுங்கோ.”

தவராசாவுக்குப் போன் அடித்தாள். “இஞ்சாருங்கோ, வேலியை ஒரு மணித்தியாலம் நிப்பாட்டுங்கோ.”

“உன்ர வானத்துக்காக நான் யானைக்குக் கதவு திறக்கோணுமோ?”

“பட்டப்பகலில எந்த யானை வருது? நிப்பாட்டுங்கோ எண்டால்!”

“சரி சரி, கத்தாதை. நானும் கொடி வெட்டத்தான் இருந்தனான்.”

போன் நின்றது. அரை நிமிஷத்தில் டக்கும் நின்றது.

கீறல் நிற்கவில்லை.

இராசமலர் கையிலிருந்த அகப்பையை வைத்துவிட்டு ஸ்பீக்கரில் காதை ஒட்டினாள். டக் இல்லாத இடத்தில் அது தெளிவாகக் கேட்டது. இடைவெளியில்லாமல், தாளமில்லாமல், படபடபடவென்று. கொடி முட்டினால் அடிக்கு ஒரு பொறிதான் பறக்கும். இது அடியே இல்லாமல் பொரிகிறது. வருஷக்கணக்காக வேலியைத் திட்டித் திட்டி, கேட்டதெல்லாம் வேலி என்றே அவள் காதுக்குப் பழகிவிட்டது. பட்டினத்துக் கம்பங்கள் துறைமுக இரைச்சலில் அரைச் செவிடு. இந்தச் சின்ன வெடி முதலில் கேட்பது கிளிவெட்டிக்குத்தான். அதுவும் அவளுக்குத் தெரிந்த விஷயம்தான்.

போன் திரும்ப அடித்தது. கௌசிகா துள்ளிக்கொண்டிருந்தாள். “அக்கா! கட்டைபறிச்சானும் கேக்கத் தொடங்கிட்டுது, கப்பல்துறையும் கேக்குது! உயரம் பதினாறு கிலோமீற்றர்… பதினேழு! இப்பிடி ஒருநாளும் எங்களுக்கு வந்ததில்லை!”

“எந்த இடத்துக்கு மேல?”

“உங்கட ஊருக்கு மேலதான். கொஞ்சம் மேற்கால, காட்டோரமா…”

காட்டோரமாக வேலி. வேலியில் ஒரு மனிசன், இடக்கையால் கம்பியைப் பிடித்தபடி. அவனை அங்கே அனுப்பினது அவள்.

“பிள்ளை, போனை வைக்காதேங்கோ. உயரத்தை வாசிச்சுக்கொண்டே இருங்கோ,” என்று சொல்லிப் போனைத் தலைக்கவசத்துக்குள் காதோடு செருகிக்கொண்டு மோட்டர் சைக்கிளை உதைத்தாள். வேலிக் கொட்டில் ஒரு கட்டை தூரம். வழியில் மூன்று நாய்களும் ஒரு மாட்டு வண்டியும் ஒதுங்கின. ஒதுங்காத கோழியைப் பற்றி இன்றுவரை வழக்கு நடக்கிறது.

“பதினேழு… பதினேழு… பதினாறரை…” என்று தலைக்கவசத்துக்குள் குரல். “ஏனக்கா மூச்சு வாங்குறீங்கள்?”

கொட்டிலில் ஆணியில் போன் தொங்கியது. தவராசா கால் கட்டை தள்ளி, வேலியோரம் ஒரு கறுப்புப் புள்ளி. கை ஓங்குவதும் இறங்குவதும் தெரிந்தது. அதற்கு மேலே மோட்டர் சைக்கிள் போகாது; வாய்க்காலை வெட்டிப்போட்டிருந்தார்கள். இராசமலர் தொண்டை கிழியக் கத்தினாள். நடுவில் றிஸ்கானின் மெசின் உறுமிக்கொண்டு நின்றது. அவள் கத்தினது அவளுக்கே கேட்கவில்லை. ஓடிப் போய்ப் பிடிக்கலாம். ஆனால் போகவும் நேரம், வரவும் நேரம். அவ்வளவு நேரம் வானம் தருமா?

“பதினாறு. அக்கா, வெடி குறையுது.”

அப்பர் கையில் செப்புக் கம்பி இருந்தது. கையைத் திறக்க முடியாமல் கம்பியோடு சேர்த்தே சுடலைக்குக் கொண்டுபோனார்கள்.

அவள் திரும்பி வேலிப் பெட்டியைப் பார்த்தாள். இந்த உலகத்தில் அந்த நிமிஷம் அவளுடைய புருஷனைத் தொடக்கூடிய ஒரே பொருள் அதுதான். கட்டினவனுக்குத் தன் கையாலேயே ஒன்பதாயிரம் வோல்ற் அடிப்பதா என்று நல்ல பெண்சாதி ஒருத்தி யோசிப்பாள். இராசமலர் யோசிக்கவில்லை. சுவிச்சைப் போட்டாள்.

டக்.

அந்தக் கறுப்புப் புள்ளி நெல்லுக்கு மேலால் இரண்டு முழம் எழும்பியதாக றிஸ்கான் சத்தியம் பண்ணுகிறான். மெசினின் கண்ணாடிக்குள் இருந்து எல்லாவற்றையும் பார்த்தவன் அவன்தான். விழுந்த தவராசா எழும்பினான். தலையை உதறினான். காவல்காரன் புத்தி, புறங்கையால் கம்பியை மெல்லத் தொட்டுப் பார்த்தான். டக். திரும்பவும் விழுந்தான். எழும்பிக் கோபத்தில் கம்பியைக் காலால் உதைத்தான். செருப்பு நனைந்திருந்தது. மூன்றாவது.

அதற்குப் பிறகுதான் கொட்டில் பக்கம் திரும்பினான். கத்தியைத் தலைக்கு மேலே ஓங்கினான். ஓடி வரத் தொடங்கினான். கால் கட்டை தூரத்திலிருந்தே அவன் விட்ட தூஷணத்தில் வரம்பில் நின்ற கொக்குகள் எழும்பிப் பறந்தன.

“வா ராசா, வா,” என்றாள் இராசமலர். “கெதியா ஓடி வந்து என்னை வெட்டு.”

வாய்க்கால் வெட்டின இடத்தில் அவன் வேலிக்குக் கீழால் நுழைந்து குறுக்கே வரவேண்டும். தொண்ணூறு அடி அடித்திருந்த சுவிச்சை நிற்பாட்டினாள். தானும் கொட்டிலை விட்டு வெளியே பாய்ந்தாள். கம்பியின் நுனி வந்து முடிகிற இடம் அந்தக் கொட்டில்.

“பதினாலு… பதின்மூண்டு… அக்கா, வெடி நிண்டிட்டுது. ஒண்டும் வரேல்ல. ஹலோ? அக்கா?”

வெயில் அணைந்தது, யாரோ விளக்கைக் கையால் பொத்தினது போல.

“ஆரடா வேலியைப் போட்ட நாய்!” தவராசா வாய் நுரைக்க வந்தான். “ஆரெண்டு சொல்லு! இண்டைக்கு வெட்டாமல் விடமாட்டன்!”

“நான்தான். கத்தியை எறியுங்கோ!”

“நீயோ? நீயோடி! எறியிறதோ? உன்னை வெட்டத்தான் இந்தக் கத்தி!”

“வெட்டுங்கோ, முதல்ல எறியுங்கோ!”

நின்று கதைக்க நேரமில்லை. இராசமலர் தலைக்கவசத்தைக் குனிந்து நீட்டிக்கொண்டு கிடாய் மாதிரி ஓடிப்போய் அவன் வயிற்றில் முட்டினாள். கத்தி ஒரு பக்கம் பறந்தது. இரண்டு பேரும் உருண்டு வெட்டிப்போட்டிருந்த வாய்க்கால் சேற்றுக்குள் விழுந்தார்கள். அவன் எழும்பப் பார்த்தான். அவள் அவனுடைய தலைமயிரைப் பிடித்துச் சேற்றுக்குள் அமுக்கினாள்.

அப்போது விழுந்தது.

உலகம் வெள்ளையாகப் போனது. சத்தம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. மண் நெஞ்சில் உதைத்தது. வேலிக் கம்பி தலையிலிருந்து கால் வரை ஊதாவாக எரிந்து, வேலிக் கம்பத்தில் இருந்த பீங்கான் ஒவ்வொன்றும் வரிசையாக, பட்டாசுக் கட்டுப் போல, அரைக் கட்டை தூரத்துக்கு வெடித்துக்கொண்டே வந்தன. கொட்டிலின் கூரை எழும்பிப் பறந்தது. பெட்டியும் அதற்குக் கரண்ட் கொடுத்த பட்டறியும் சேர்ந்து வெடித்து, அமிலமும் இரும்பும் கதவை ஊடறுத்து வெளியே சிதறின. தவராசா கொடி வெட்டிக்கொண்டு நின்ற இடத்தில் மூன்று கம்பம் நார் நாராகக் கிழிந்து நின்றன. வெட்டிப்போட்ட பச்சைக் கொடி, சாம்பலாகிக்கூடப் போகாமல், இருந்த இடம் தெரியாமல் போயிற்று. பிறகு இரண்டாவது விழுந்தது. மூன்றாவது காட்டுக்குள் ஒரு பாலை மரத்தை அடிவரைக்கும் பிளந்தது. கால் மணித்தியாலம் வானம் வெறி பிடித்த குடிகாரன் போல கையில் அகப்பட்டதையெல்லாம் அடித்து நொறுக்கியது. கல்லு மாதிரி மழை கொட்டியது. அவ்வளவு நேரமும் அவள் அவனுடைய தலைமயிரில் போட்ட பிடியை விடவில்லை.

மழை தணிந்ததும் றிஸ்கான் மெசினை விட்டு இறங்கி ஓடி வந்தான்.

“ராசாண்ணே! உயிரோட இருக்கீங்களா? அல்லாவே, இவ உங்களை அமுக்கிக் கொல்றா எண்டெல்லோ நினைச்சன். வீட்டுச் சண்டைய ஏன் வயலுக்குக் கொண்டு வந்தீங்க?”

தவராசா வாயிலிருந்த சேற்றைத் துப்பினான். கொட்டில் இருந்த இடத்தைப் பார்த்தான். தான் நின்ற இடத்தைப் பார்த்தான். அந்த மூன்று கம்பத்தையும் கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பெண்சாதியைப் பார்த்தான்.

“கூப்பிட்டிருக்கலாமே,” என்றான் மெதுவாக.

“போன் மின்னலை இழுக்குமெண்டு ஆணியில தொங்கவிட்டது ஆர்?”

றிஸ்கான் மூன்றாவது ஆளாக நின்று சிரித்த சிரிப்பு மூதூர்ப் படகு ஜெட்டி வரைக்கும் போனது. கதையும் அவனோடுதான் போனது. ஜெட்டியில் இப்போது தவராசா ஒரு பனை உயரம் எழும்புகிறான்.

செத்த வேலியைத் தாண்டி அன்று பொழுதுபட யானைகள் வந்தன. ஊர் முழுக்க நெல் கிடக்க, தவராசாவின் வெட்டாத அரை ஏக்கரில் இறங்கின. யானைக்கும் யாரோ விலாசம் கொடுத்திருக்க வேண்டும். இராசமலர் மூன்று நாள் குந்தியிருந்து, உடைந்த பெட்டியிலிருந்தும் இரண்டு பழைய டிவியிலிருந்தும் சாமான் கழற்றி, வேலிக்குப் புதுப்பெட்டி ஒன்று ஒட்டிக்கொடுத்தாள். அது முந்தினதைவிட உரமாக அடிக்கிறது என்று யானைகள் அபிப்பிராயப்படுகின்றன. இடக்காது அவளுக்கு இப்போது பாதிதான் கேட்கும். மற்றக் காதை ஸ்பீக்கர் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு சமைக்கிறாள்.

ஒரு கிழமை கழித்துக் கௌசிகா கணினியைத் தூக்கிக்கொண்டு நேரே வந்தாள். பொரி தொடங்கினதிலிருந்து மேகத்தின் தலை சரிந்தது வரைக்கும் எல்லாம் பதிந்திருந்தது. அப்படி ஒன்றை இந்தக் குடாவில் யாரும் பிடித்ததில்லை. அவளுக்கு ஒரேயொரு குறை.

“அக்கா, பொரி இறங்குற நேரம் பார்த்து நடுவில ஒண்டரை நிமிஷம் வேலி அடிக்குது. இதை வெட்டி எடுத்திட்டால் கோடு துப்பரவா இருக்கும். வெட்டட்டே?”

இராசமலர் அகப்பையோடு வந்து பார்த்தாள். பொரியின் புள்ளிகள் மழை போலச் சிதறிக் கிடக்க, அதற்குள்ளே நேர் வரிசையாக, ஒரே அளவு இடைவெளியில், தொண்ணூறு கோடு.

“வெட்டாதேங்கோ பிள்ளை,” என்றாள். “அது இரைச்சல் இல்லை. நான் இவரைக் கூப்பிட்டனான்.”

குசினிப் படியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்த தவராசா எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கித் திரையைப் பார்த்தான். விரலை வைத்து ஒவ்வொரு கோடாக எண்ணினான். மூன்று இடத்தில் விரல் தானாகவே பின்வாங்கியது.

அவனுடைய சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான். பக்கத்தில் நின்றுகொண்டே இராசமலர்தான் அடித்திருந்தாள்.

“என்ன?” என்றான்.

“ஒண்டுமில்லை. இருக்குதோ எண்டு பார்த்தனான்.”